குளிரில் வைக்காதே

இரவு இரண்டே கால்.
மூன்று குப்பிகள் வந்திருக்கின்றன.
முதுகுத்தண்டு நீர்.
பெயர் ஓர்லா பெதரிக், வயது ஏழு,
விண்டாரா பண்ணை, மேற்குக் குவீன்ஸ்லாந்து.
விமானத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பளிங்காக இருக்க வேண்டியது
அரிசி கழுவிய நீராய்க் கலங்கியிருக்கிறது.

கூடவே வந்த தாளில் மருத்துவரின் கிறுக்கல்:
தலைவலி. காய்ச்சல். வாந்தி.
கழுத்து வளையவில்லை.
விளக்கைப் போட்டால் அழுகிறாள்.
பாக்டீரியா மூளைக்காய்ச்சல்?

அந்தக் கேள்விக்குறிக்குக் கீழே
வேறு பேனாவில், செவிலி யாரோ:
முந்தாநாள் ரொட்டி கருகி வீடெல்லாம் புகையாம்.
பிள்ளைக்கு மட்டும் வாசனையே தெரியவில்லையாம்.
அம்மா சொன்னார்.
முக்கியமா என்று தெரியவில்லை.

முக்கியம், பெண்ணே.
உன் பெயரையும் எழுதியிருக்கலாம்.

எட்டு வருடத்துக்கு முன்
டார்சி என்றொரு பையனின் குப்பி
இதே மேசைக்கு வந்தது.
சாயமிட்டுப் பார்த்தேன். கிருமி இல்லை.
மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தேன்,
மறுநாள் பார்ப்பவருக்காக.
'வெள்ளணுக்கள் ஏராளம்' என்றெழுதி
நெரிடா கோக்லன் என்று கையெழுத்திட்டேன்.

எல்லாம் வெள்ளணுக்கள் அல்ல.
குளிரில் உருண்டு சுருண்டு
அசையாமல், கூட்டத்தோடு கூட்டமாய்
உட்கார்ந்திருந்தன சில.
யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.
விசாரணையில் தேநீர் கொடுத்தார்கள்.
பிஸ்கட்டும்.

இன்றைக்கு
மூடி இறுக்கிய குப்பியை, பைக்குள் பையாய்,
அக்குளில் இடுக்கிக்கொண்டேன்,
தாய்க்கோழி மாதிரி.
எந்தக் கையேட்டிலும் இது கிடையாது.
சூடேற்றும் தட்டு முப்பத்தேழைத் தொடும்வரை
அறைக்குள் நடந்தேன்.

பிறகு ஒரு சொட்டு.
சாயமில்லாமல், ஈரமாகவே.

ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
கண்ணில் நீர் கட்டியது; துடைத்துக்கொண்டேன்.
ஓரத்தில் ஒரு வெள்ளணு
சட்டென்று பக்கவாட்டில் ஒரு குமிழைத் துருத்தி,
தன் உடல் முழுவதையும்
அந்தக் குமிழுக்குள் ஊற்றிக்கொண்டு
நகர்ந்தது.

வெள்ளணுவுக்கு இத்தனை அவசரம் கிடையாது.

தொலைபேசியில் டாக்டர் ஓகாஃபர்.
"மூக்கில் தண்ணீர் ஏறியதா, கேளுங்கள்."
"யாரை?"
"அம்மாவை. இப்போதே."

வாங்கியை அவர் கீழே வைக்கவில்லை.
தாழ்வாரத்துக் காலடி,
நாற்காலி இழுபடும் ஓசை,
தூக்கம் முறியாத ஒரு பெண்குரல்:
ஆழ்துளைத் தண்ணீர்தான்,
வெயிலில் கிடக்கும் குழாய், இரண்டு கிலோமீட்டர்,
போன வியாழன் நாற்பத்து நான்கு டிகிரி,
பிள்ளை ஹோஸைத் தன் முகத்துக்கே திருப்பிக்கொண்டாள்,
மூக்கு எரிகிறது மூக்கு எரிகிறது என்று
சிரித்தாளே, டாக்டர்,
சிரித்தாளே.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே.
பழிக்கவில்லை.
அதே நீரைத்தான் அவர்கள் குடித்தார்கள்,
அதிலேதான் உருளைக்கிழங்கு வெந்தது.
வாய்வழி போனால் வெறும் தண்ணீர்.
மூக்கின் உச்சியில்
மணம் அறியும் நரம்பு
மூளைக்கு ஒரு கதவைத்
திறந்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
முதலில் மிதிபடுவது வாசற்படி.
அதனால்தான் ரொட்டி.

மருந்து பிரிஸ்பேனிலிருந்து வர வேண்டும்.
யாரையோ எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.
ஓகாஃபர் மறுபடி அழைத்தார்.
"இதில் பிழைத்தவர்கள்..."
"நான் ஆய்வகம், டாக்டர்.
நகர்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும்."
அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.
"அப்படியானால் அதையே எழுதிக் கொடுங்கள்," என்றார்.

எழுதினேன். இரண்டு நாற்பத்தொன்று.
மிச்சக் குப்பியில் ஒட்டிய தாளில்
பெரிய எழுத்தில்
குளிரில் வைக்காதே.

கைகழுவப் போனேன்.
குழாய் நீர் வெதுவெதுப்பாக வந்தது.
சோப்பை மூக்கருகே பிடித்தேன்,
வெகுநேரம்.

எலுமிச்சை.